தண்ணீர் குடிக்காத தம்பியும் தராசின் கதையும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஆபீஸ் கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த தம்பி சாப்பிடவில்லை. எங்கள் டீமில் டெஸ்டிங் பார்க்கிறவன், வயது இருபத்தாறு. ஏதோ விரதம்போல என்று முதலில் விட்டுவிட்டேன். அப்புறம்தான் கவனித்தேன். கையில் ஒரு காலி தண்ணீர் பாட்டில். சூயிங்கம்மை மென்று மென்று அதற்குள் எச்சில் துப்பிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"நாளைக்குக் காலைல வெயிட்-இன் அண்ணா. இன்னும் ஒண்ணரை கிலோ இறங்கணும். நேத்து ராத்திரியிலேர்ந்து தண்ணி குடிக்கல. எச்சிலும் வெயிட்டுதானே?"

அவன் அமெச்சூர் கிக்பாக்ஸர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தினமும் சாயங்காலம் ஆறு மணி ஆனால் லேப்டாப்பை மூடிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முதல் டைட்டில் ஃபைட். மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு இரண்டு நிமிஷம். மொத்தம் ஆறு நிமிஷம் அடித்துக்கொள்வதற்காக இரண்டு நாளாக உடம்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"சாதாரணமா எவ்ளோ இருப்ப?"

"71, 72."

"அப்புறம் எதுக்குடா 67-ல விளையாடணும்? 71 கிலோ பிரிவு இருக்குல்ல?"

"இருக்கு. அதுல போனா 75-லேர்ந்து இறங்கி வர்றவன்கிட்ட அடி வாங்கணும் அண்ணா."

இந்தப் பதில் எனக்கு நன்றாகவே புரிந்தது. நாங்கள் எஸ்டிமேட் போடும் கதைதான் இது. மேனேஜர் குறைப்பார் என்று நாங்கள் பஃபர் போடுவோம், நாங்கள் பஃபர் போடுவோம் என்று அவர் குறைப்பார். ஆனால் எஸ்டிமேட் தப்பானால் ஒரு ரிலீஸ் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இவன் உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. சார்பட்டா பரம்பரை பார்த்துவிட்டு, பாக்ஸிங் பற்றி நமக்கும் கொஞ்சம் தெரியும் என்று நினைத்திருந்தவன் நான். எடை என்ற இந்த விஷயம் மண்டையில் ஏறியதே இல்லை. சின்ன ஆளைப் பெரிய ஆளிடமிருந்து காப்பாற்றுவதற்குத்தானே எடைப்பிரிவு வந்தது? அது எப்படி இவனைத் தண்ணீர் குடிக்க விடாமல் செய்கிறது? அன்று ராத்திரியே தோண்ட ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஓடிவிட்டது.

முதலில் தெரிந்துகொண்டது, மனிதர்கள் மோதிய காலத்தில் பெரும்பகுதி தராசே இல்லாமல் ஓடியிருக்கிறது. பழைய கிரேக்க ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை உண்டு, பான்கிரேஷன் என்ற, கை, கால், பிடி எல்லாம் கலந்த சண்டையும் உண்டு. ஒருவகையில் நம் கிக்பாக்ஸிங்குக்குப் பாட்டன் முறை. அங்கே பிரிவு என்றால் சிறுவர், பெரியவர் என்று வயதுப் பிரிவு மட்டும். யாரோடு யார் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். ரவுண்டும் கிடையாது. உங்களுக்கு யானை வந்தால் யானைதான்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் இதே கதை. வெறுங்கைக் குத்துச்சண்டைக்கு ஜாக் பிராட்டன் 1743-ல் முதல் விதிகளை எழுதினார். அவற்றில் எடை பற்றிப் பேச்சே இல்லை. டேனியல் மெண்டோஸா என்ற லண்டன் யூத இளைஞர், உயரம் ஐந்தடி ஏழங்குலம், எடை ஏறக்குறைய 73 கிலோ, தன்னைவிடப் பெரிய ஆட்களை நகர்வாலும் தடுப்பாலும் ஜெயித்து 1790-களில் இங்கிலாந்தின் சாம்பியனாகவே இருந்தார். 1795-ல் அவரைவிட உயரமும் எடையும் கூடிய ஜான் ஜாக்சன் ஒரு கையால் மெண்டோஸாவின் நீண்ட முடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் குத்தித் தள்ளினார். விதிப்படி அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு குத்துச்சண்டைக்காரர்கள் ஒட்ட முடி வெட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள் என்று சொல்வார்கள்.

இதற்கடுத்து வந்த ஆள்தான் என்னை மூன்று வாரம் பிடித்து வைத்தவர். கேப்டன் பார்க்ளே. ஸ்காட்லாந்துக்காரர், பணக்காரர், நடைப் பைத்தியம். 1809-ல் நியூமார்க்கெட்டில் ஆயிரம் மணி நேரத்தில் ஆயிரம் மைல், மணிக்கு ஒரு மைல் வீதம், நாற்பது நாளுக்கு மேல் ராத்திரி பகலாக நடந்து பந்தயத்தில் ஜெயித்தவர். இரண்டு வருஷம் கழித்து ஒரு குத்துச்சண்டை வீரருக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

அந்த வீரர் டாம் கிரிப், முன்னாள் நிலக்கரி சுமக்கும் தொழிலாளி. 1810 டிசம்பரில், அமெரிக்காவில் அடிமையாக இருந்து வந்த டாம் மோலினோவோடு மோதி முப்பது ரவுண்டுக்கு மேல் இழுத்து, தட்டுத்தடுமாறி ஜெயித்திருந்தார். அந்த வெற்றி நியாயமானதா என்றே பெரிய சர்ச்சை. மறு மோதல் 1811 செப்டம்பர் 28 என்று முடிவானது. ஜூலையில் கிரிப் பார்க்ளேயின் பண்ணைக்கு வந்தபோது 16 ஸ்டோன், அதாவது 101 கிலோவுக்கு மேல். மூச்சு வாங்கும் உடம்பு. சண்டைக்குப் போகும்போது 13 ஸ்டோன் சொச்சம், ஏறக்குறைய 85 கிலோ. இரண்டரை மாதத்தில் பதினாறு கிலோ.

எப்படி இறக்கினார் என்பதை வால்டர் தாம் என்பவர் 1813-ல் எழுதிய புத்தகத்தில் விவரமாகப் பதிவு செய்திருக்கிறார். முதலில் பேதி உப்பு கொடுத்து வயிற்றைக் கழுவுவது. பிறகு தினமும் மைல் கணக்கில் நடை, ஓட்டம். சாப்பாடு அரைவேக்காட்டு மாட்டிறைச்சி, பழைய ரொட்டி. கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் கூடாது, ஏனென்றால் அவற்றில் தண்ணீர் அதிகம். குடிப்பதற்குப் பழைய பீர். நாள் முழுக்கவே மூன்று பைண்ட், நம் கணக்கில் 1.7 லிட்டருக்குள். தண்ணீரைத் தனியாகக் கொடுக்கவே கூடாது! இதைப் படித்தபோது கேன்டீனில் பார்த்த காலி பாட்டில்தான் ஞாபகம் வந்தது.

அதைவிட சுவாரசியமானது வியர்வை வைத்தியம். கம்பளித் துணி உடுத்தி நான்கு மைல் ஓட வேண்டும். ஓடி வந்ததும் சூடாக ஒரு கஷாயம். சீமைச் சோம்பு, கொத்தமல்லி விதை, அதிமதுரம், கற்கண்டு எல்லாம் ஆப்பிள் மதுவில் போட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சியது. நம் பாட்டி கொடுப்பது மாதிரியே இருக்கிறது, மதுவை மட்டும் தவிர்த்து. குடித்ததும் ஆளைப் படுக்கையில் போட்டு, ஆறு முதல் எட்டு ஜோடிப் போர்வையும் இறகு மெத்தையும் மேலே அமுக்கி, அரை மணி நேரம் வேர்க்க விடுவார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கிரிப்–மோலினோ சண்டைக்கு எடை வரம்பே கிடையாது. தராசில் ஏறி ஒரு எண்ணைக் காட்டவேண்டிய கட்டாயம் கிரிப்புக்கு இல்லை. பார்க்ளே எடையைக் குறைத்தது மூச்சுக்காக. உடம்பில் உள்ள கெட்டதெல்லாம் வியர்வையிலும் பேதியிலும் வெளியேறும் என்ற அந்தக் கால வைத்திய நம்பிக்கையில் மற்றதைச் செய்தார். இரண்டரை மாதத்தில் போனது பெரும்பாலும் கொழுப்பு. பலனும் கிடைத்தது. பதினோரு ரவுண்டு, இருபது நிமிஷத்துக்குள் மோலினோவின் தாடை உடைந்து சண்டை முடிந்துவிட்டது. (மோலினோவுக்கு இப்படிப் பார்த்துப் பார்த்துப் பயிற்சி கொடுக்க ஆளில்லை என்பதையும் சொல்லணும். அந்த மனுஷனைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதவேண்டும்.)

ஆக, வேர்க்க வைப்பது, பேதி கொடுப்பது, தண்ணீரைக் குறைப்பது ஆகிய முறைகள் எல்லாம் குத்துச்சண்டையில் எடை வரம்பு வருவதற்கு முன்பே தயாராக இருந்தன. வரம்பு வந்ததும், வேறு காரணத்துக்காகப் பிறந்த அந்த முறைகள் அப்படியே தராசின் வேலைக்கு மாற்றப்பட்டுவிட்டன. இரண்டரை மாதத்தில் செய்ததை இரண்டு நாளில் செய்ய ஆரம்பித்தார்கள். இரண்டு நாளில் கொழுப்பு போகாது. போவது தண்ணீர்.

தராசு எங்கிருந்து வந்தது? குதிரைப் பந்தயத்திலிருந்து. பெயரே சாட்சி. வெல்டர்வெயிட், ஃபெதர்வெயிட் இரண்டும் குத்துச்சண்டைக்கு வருவதற்கு முன் குதிரைக்காரர்களின் வார்த்தைகள். கனமான ஆள் ஓட்டுவது வெல்டர், ஆகக் குறைந்த எடை ஃபெதர். பந்தயத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கியைத் தராசில் ஏற்றுவார்கள். அந்தத் தொழிலில் எடைக்காகப் பட்டினி கிடப்பது அன்றாடம். பதிமூன்று முறை சாம்பியன் ஜாக்கியாக இருந்த ஃப்ரெட் ஆர்ச்சர் ஐந்தடி பத்தங்குல உயரம். அந்த உயரத்துக்கு ஜாக்கி எடையில் இருப்பதே சித்திரவதை. 1886 இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய பந்தயத்துக்காக நாள்கணக்கில் பட்டினி கிடந்து, பேதி மருந்து குடித்து எடையை இறக்கினார். குதிரைத் தலை அளவில் தோற்றார். காய்ச்சலில் விழுந்தவர் நவம்பர் 8 அன்று தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். வயது 29.

குத்துச்சண்டைக்குள் எடை முறையாக நுழைந்தது அமெச்சூர்களுக்காகத்தான். 1867-ல் குவீன்ஸ்பெரி விதிகளோடு லண்டன் லில்லி பிரிட்ஜில் நடந்த போட்டியில் மூன்றே பிரிவு. லைட், மிடில், ஹெவி. லைட்டுக்கு உச்ச வரம்பு 10 ஸ்டோன், 140 பவுண்டு. பிறகு 1909-ல் லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டுப் பிரிவுகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் லான்ஸ்டேல் பெல்ட் என்று ஒரு பட்டத்தையும் வைத்தது. வெல்டர்வெயிட் பத்தரை ஸ்டோன், 147 பவுண்டு.

இப்போது நான் ரசித்த ஒரு கணக்கு. வாக்கோ என்ற உலக அமெச்சூர் கிக்பாக்ஸிங் அமைப்பின் ரிங் பிரிவுகளைப் பாருங்கள். 51, 54, 57, 60, 63.5, 67, 71, 75 என்று போகும். எல்லாம் முழு எண்ணாக இருக்க, நடுவில் 63.5 ஏன்? அந்த அரைக் கிலோ எங்கிருந்து வந்தது? 10 ஸ்டோனைக் கிலோவில் மாற்றுங்கள். 63.5. லில்லி பிரிட்ஜ்! 51 என்பது 8 ஸ்டோன், 57 என்பது 9 ஸ்டோன். தம்பியின் 67? பத்தரை ஸ்டோன், 66.7 கிலோ. எங்கள் பழைய ப்ராஜெக்ட் கோடில் இப்படித்தான் சில எண்கள் இருக்கும். யார் போட்டது, ஏன் போட்டது என்று தெரியாது, எடுத்தால் என்ன உடையுமோ என்று யாரும் கைவைக்க மாட்டார்கள். நூறு வருஷத்துக்கு முந்தி லண்டன் கிளப் போட்ட எண்ணுக்காக எங்கள் டெஸ்டர் எச்சில் துப்புகிறான்.

கிழக்கே இந்தத் தராசு தாமதமாகத்தான் வந்தது. தொழில்முறை சுமோவில் இன்றும் எடைப்பிரிவு கிடையாது. ஜூடோவின் நம்பிக்கையே சின்ன ஆள் பெரிய ஆளின் பலத்தைத் திருப்பி வீழ்த்தலாம் என்பது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ நுழைந்தபோது 68 கிலோ, 80 கிலோ, அதற்கு மேல் என்று மூன்று பிரிவு வைத்தார்கள். கூடவே எடை வரம்பில்லாத ஓப்பன் பிரிவும் வைத்தார்கள். மூன்றில் ஜப்பானுக்குத் தங்கம். ஓப்பனில், ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரமுள்ள நெதர்லாந்தின் ஆன்டன் ஹேசிங்க், ஜப்பானின் கமினாகாவைப் பிடித்து அமுக்கினார். அரங்கமே உறைந்துபோனது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1966-ல், ஒசாமு நோகுச்சி என்ற ஜப்பானிய பாக்ஸிங் புரமோட்டர் கராத்தேக்காரர்களையும் தாய்லாந்து முவே தாய் வீரர்களையும் ஒரே ரிங்கில் மோதவிட்டு, அந்தக் கலப்புக்கு ‘கிக்பாக்ஸிங்’ என்று பெயர் வைத்தார். அவருடைய நட்சத்திரம் தடாஷி சவமுரா, கராத்தே மாணவர். ஆரம்பத்திலேயே ஒரு தாய்லாந்து வீரரிடம் பதினாறு முறை தரையில் விழுந்து தோற்றார். தோற்றபின் ஒழுங்காக முவே தாய் கற்றுக்கொண்டு வந்து ஜப்பானில் பெரிய டிவி ஸ்டார் ஆனார். கராத்தேயிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் உதைகளை எடுத்துக்கொண்ட இந்த விளையாட்டு, ரிங், கிளவுஸ், ரவுண்டு, தராசு எல்லாவற்றையும் மேற்கத்திய பாக்ஸிங்கிலிருந்து வாங்கிக்கொண்டது. தாய்லாந்தும் அதற்கு முன்பே, 1945-ல் ராஜதம்னன் ஸ்டேடியம் திறந்த காலத்தையொட்டி, அதே முறைக்கு மாறியிருந்தது. வாக்கோ 1976-ல் ஐரோப்பாவில் தொடங்கியது. ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரம் 2021-ல் வந்தது.

இவ்வளவு வரைக்கும் ஆபத்து ஒரு கட்டுக்குள் இருந்தது என்றே சொல்லலாம். ஏனென்றால் பாக்ஸிங்கில் அப்போது எடை பார்த்தது சண்டை நாளன்று காலையில். ரொம்ப உலர்ந்து வந்தால் சாயங்காலம் உதை வாங்குவீர்கள். அந்தப் பயமே ஒரு பிரேக். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மன்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் துக்-கூ மூளையில் ரத்தக் கசிவால் இறந்தார். எடை இறக்க அவர் பட்ட சிரமமும் அப்போது பேசப்பட்டது. உடம்பில் நீர் வற்றிய நிலையில் தலையில் அடி வாங்குவது ஆபத்து என்ற கவலை வலுத்தது. 15 ரவுண்டு 12 ஆனது. அந்தப் பத்தாண்டிலேயே வெயிட்-இன் முந்தைய நாளுக்குத் தள்ளிப்போனது. வீரர்கள் தண்ணீர் குடித்துத் தேறுவதற்கு அவகாசம் கொடுக்கிறார்களாம். நல்ல எண்ணம்தான்.

பிரேக்கைக் கழற்றிவிட்டார்கள். இருபத்து நாலு மணி நேரம் கிடைக்கிறது என்றால் இன்னும் அதிகமாக இறக்கலாமே! 2000 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆர்ட்டுரோ காட்டி, ஜோயி கமாஷ் சண்டை. வரம்பு 141 பவுண்டு, 64 கிலோ. மறுநாள் ரிங்கில் ஏறும்போது டிவி கம்பெனியின் தராசில் காட்டி 160 பவுண்டு, ஏறக்குறைய 72.5 கிலோ. கமாஷ் 145 பவுண்டு. இரண்டாவது ரவுண்டில் கமாஷ் நினைவிழந்து விழுந்தார். அதன்பின் அவர் சண்டை போடவே இல்லை. சின்ன ஆளைக் காப்பாற்ற வந்த தராசு, இப்போது பெரிய ஆளுக்கு சின்ன ஆள் என்று சர்டிஃபிகேட் கொடுக்கிறது.

இறக்கும்போதே செத்தவர்களும் உண்டு. 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், சில வார இடைவெளியில், ரப்பர் உடை போட்டுச் சூடான அறையில் உடற்பயிற்சி செய்து எடை இறக்கும்போது இறந்தார்கள். 2015 டிசம்பரில் மணிலாவில் சீன வீரர் யாங் ஜியான்பிங், வயது 21, சண்டை நடக்கவிருந்த நாளன்று இறந்தார். 2017 மார்ச்சில் தாய்லாந்தில் ஒரு ஸ்காட்லாந்து இளைஞர். அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் 18 வயதுப் பெண், அமெச்சூர் முவே தாய். வெயிட்-இன்னுக்கு முன் மிச்சமிருந்த எடையை இறக்க வெயிலில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தாள். சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

உள்ளே நடப்பது சிக்கலான விஷயம் இல்லை. ஒரு லிட்டர் வியர்வை, ஒரு கிலோ எடை. தண்ணீர் குறையக் குறைய ரத்தத்தின் அளவு குறையும், இதயம் வேகமாக அடிக்கும், ஒரு கட்டத்தில் வியர்ப்பதற்கே உடம்பில் எதுவும் இருக்காது. அப்போதும் ரப்பர் உடைக்குள் ஓடிக்கொண்டிருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். சென்னை மே மாதத்தில் இதைச் செய்து பார்ப்பவர்களை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இதைச் சரிசெய்ய முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. அந்த மூன்று மரணங்களுக்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் வெயிட்-இன்னைப் போட்டிக்கு ஓரிரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்தார்கள். ரப்பர் உடைக்கும் சூட்டறைக்கும் தடை. பிரிவு வரம்புகளை ஏழு பவுண்டு உயர்த்தினார்கள். சீசன் தொடக்கத்திலேயே சிறுநீரின் அடர்த்தியைச் சோதித்து, உடம்பில் போதிய நீர் இருக்கும்போது எடுத்த எடையை வைத்தே இவர் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று நிர்ணயித்தார்கள். யாங் இறந்த பிறகு அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப்பும் நீர்ச் சோதனையைக் கொண்டுவந்தது. அதிலும் ஏமாற்ற வழி தேடுகிறவர்கள் இருப்பார்கள். ஆனாலும் ‘தராசில் என்ன எண்’ என்பதோடு ‘எந்த நிலையில் அந்த எண்’ என்றும் கேட்க ஆரம்பித்தது பெரிய மாற்றம். நூறு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை 66.8 காட்டியிருக்கிறான். இறங்கின கையோடு எலக்ட்ரால், இளநீர், மதியம் தயிர்சாதம். ஞாயிறு சாயங்காலம் சண்டை. முதல் ரவுண்டு நன்றாகப் போயிருக்கிறது. மூன்றாவதில் கால் தூக்க முடியவில்லை, "யாரோ பிடிச்சு வச்ச மாதிரி இருந்துச்சு அண்ணா" என்றான். பாயிண்டில் தோல்வி. திங்கட்கிழமை புருவத்தில் பிளாஸ்திரியோடு வந்தான். கேன்டீனில் இரண்டு முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டான்.

"அவன் எப்படிடா? பெரிய ஆளா?"

"ஃபைட் முடிஞ்சப்புறம் பேசிக்கிட்டோம் அண்ணா. ஞாயித்துக்கிழமை காலைல அவனும் 72 தானாம்."

ரெண்டு பேரும் சிரித்தார்களாம். நான் அவனிடம் பார்க்ளே கதை, பெர்த் கதை எல்லாம் சொன்னேன். பெர்த் கதைக்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். கோச்சிடம் 71 பற்றிக் கேட்கிறேன் என்றான். அப்புறம் ஒரு வாரம் கழித்து வாட்ஸப்பில் ஒரு மெசேஜ். "அண்ணா, அந்த மல்லி விதைக் கஷாயம் எப்படிப் போடணும்னு அனுப்புங்களேன், சும்மா தெரிஞ்சுக்க."

அனுப்ப மாட்டேன் என்று பதில் போட்டேன். இப்போது இங்கேயே எழுதிவிட்டேன். படிப்பான்.